முப்பத்தெட்டு

போன தடவை நான் ஐம்பது.
அதற்கு முந்தி, மடிப்பில் கிழிந்த சீட்டில், நாற்பத்தைந்து.
இந்த ஆவணியில்
இடுப்பிலிருந்து குதிகால்வரை டேப் பிடித்து
முட்டியில் கோணமானியைக் கவிழ்த்து
போர்டு டாக்டர் எழுதினார்:
முப்பத்தெட்டு.

"நல்ல சேதிதானே, குறைஞ்சிருக்கே" என்றான் கிளார்க்.
நாற்பது இருந்தால்தான் கார்டு.
கார்டு இருந்தால்தான் பாஸ், பென்ஷன்,
ரயிலில் அந்தப் பெட்டி.

கால் அதே கால்தான்.
மூன்று வயசில் ஒரு காய்ச்சல் சப்பிப் போட்ட
முருங்கைக்காய்ச் சக்கை.
எனக்குத் தெரியாமல் ராத்திரியில்
ரெண்டு வீதம் சதை பிடித்துவிட்டதா என்று
தாராவிச் சந்தில் பாயை விரித்துத் தடவிப் பார்த்தேன்.

தொடையை ஊன்றி ஊன்றி
இடது உள்ளங்கையில் காய்த்துக் கிடக்கிறதே,
அதை எழுதினாரா?
பொதுக் கக்கூசில் குந்தி எழ
ஒரு குழாயைப் பிடிப்பேன்.
போன மாசம் அது கழன்று கையோடு வந்தது.
அதை?
மாடி அறைக்கு இரும்பு ஏணி.
மழை நாளில் ஏறாமல் கீழ்வீட்டு வாசலிலேயே
தையல் மிஷினுக்குப் பக்கத்தில் தூங்குவேன்.
அதெல்லாம் உடம்பில் சேராதாம்.

பெண் பார்க்க வந்த அம்மாளுக்கு
டேப் தேவைப்படவில்லை.
வாசலில் செருப்பைக் கழற்றுவதற்குள்
நூறு போட்டுவிட்டுக் காபி குடித்தாள்.

பேருக்குக் குறைச்சலே இல்லை எங்களுக்கு.
திருநெல்வேலியில் நொண்டி,
அப்புறம் ஊனமுற்றோர், அப்புறம் மாற்றுத்திறனாளி,
இங்கே வந்தால் திவ்யாங்.
ரயில் படிக்கட்டு மட்டும்
எந்தப் பேருக்கும் தாழவில்லை.

எட்டு பதினேழு, சயான்.
பெட்டி நிறைய இரண்டு காலில் நின்றவர்கள்
போனில் கிரிக்கெட் பார்த்துக்கொண்டிருக்க
டிசி நேராக என்னிடம் வந்தான்.
"முப்பத்தெட்டா? இந்தப் பெட்டி உனக்கில்லை."

கார்டு உறை விற்கும் ஷகீல் பாய்
குரல் வந்த பக்கம் முகத்தைத் திருப்பினார்.
"எனக்கு நூறு வீதம் சாப்.
ரெண்டை அந்தப் பொண்ணு பேரில் எழுதிக்குங்க.
தொண்ணூத்தெட்டு வெச்சு
நான் எப்படியாவது பிழைச்சுக்கறேன்."

காது கேளாத சுலக்ஷணா
எங்கள் உதடுகளைப் படித்துவிட்டு
தன் பங்குக்கு ஐந்து விரலை விரித்தாள்.
ஊன்றுகோல் காம்ப்ளே பத்து தந்தார்.
பைகுல்லா வருவதற்குள்
நான் ஐம்பத்தைந்து.
பெட்டியே சிரித்தது, டிசியும்தான்.
சிரித்துக்கொண்டே அபராதச் சீட்டைக் கிழித்தான்.

அந்தச் சீட்டின் பின்பக்கம்தான்
மேல்முறையீட்டு மனுவை எழுதினேன்.
"ஞானமுத்து மகள் ஜெபக்கனி, வயது நாற்பத்தொன்று,
பணிவுடன்" என்று தொடங்கி
பணிவுடனை அடித்தேன்.

மேல்முறையீடு நான்காவது மாடி.
லிஃப்டில் கயிறு கட்டி
ஒரு துடைப்பத்தைச் சாத்தி வைத்திருந்தார்கள்.
வாட்ச்மேன் சொன்னான்:
"மெல்ல ஏறிப் போங்க, நேரமிருக்கு."

சுவரில் ஒரு கை, தொடையில் ஒரு கை,
பல்லில் கடித்த பிளாஸ்டிக் பை.
இறங்கி வந்தவர்கள் ஒதுங்கினார்கள்,
சிலர் "பாவம்" என்றார்கள் மராத்தியில்.
எண்ணிக்கொண்டே ஏறினேன்.
முப்பத்தாறு.
முப்பத்தேழு.

இங்கே உட்கார்ந்துவிட்டேன்.
மூச்சு வாங்குகிறது, முட்டி துடிக்கிறது,
படி மேலே இன்னும் போகிறது.

ஏய் தம்பி, பியூன்தானே நீ?
மேலே போய்ச் சொல்லு.
ஜெபக்கனி வந்திருக்கிறாள்,
முப்பத்தெட்டில் இருக்கிறாள்,
டேப்பை எடுத்துக்கொண்டு
இறங்கி வரச் சொல்லு.